"நாயை வெளியே கட்டிட்டு வாங்க" என்றால் என்ன செய்வது?

பார்வையற்றவர்களை நடத்திச் செல்லும் வழிகாட்டி நாய்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரும் ஒரு கால்நடை மருத்துவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

என் தம்பிக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லைங்க. வெள்ளைக் கோல் வைத்துத் தனியாகவே நடப்பான். இப்போது வழிகாட்டி நாய் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம். நாயோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சட்டம் இருக்குதுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

அப்படி ஒரே வரியில் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. தெரியாமல் வாசலில் போய் "சட்டம் இருக்கு" என்று வாதாடுபவர்கள், "எந்தப் பிரிவு, காட்டுங்க" என்று கேட்டதும் நின்றுவிடுகிறார்கள்.

இருப்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதில் வழிகாட்டி நாய் என்ற சொல்லே வராது. ஆனால் மூன்று இடங்கள் உங்கள் தம்பிக்குக் கைகொடுக்கும். 3-வது பிரிவு, ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 2-வது பிரிவில் பாகுபாடு என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று சேர்த்திருக்கிறார்கள். எது நியாயமான வசதி என்றால், எதிர்த் தரப்புக்கு அளவுக்கு மீறிய சுமை தராமல் செய்யக்கூடிய மாற்றம் எல்லாமே. ஒரு ஹாலில் மேசைக்கு அடியில் நாய் படுத்திருப்பது யாருக்கும் பெரிய சுமை இல்லை. பிரசவ வார்டுக்குள் வருவது சுமைதான். இந்தத் தராசில் நிறுத்துத்தான் ஒவ்வோர் இடத்தையும் பார்க்க வேண்டும். விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தந்த தீர்ப்பும் இதையே சொன்னது: நியாயமான வசதி என்பது அந்தந்த ஆளின் தேவையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது, பொதுவாக ஒரு பட்டியல் போட்டு மறுத்துவிட முடியாது. அது தேர்வு எழுத உதவியாளர் கேட்ட வழக்கு. கொள்கை இங்கேயும் பொருந்தும்.

இதே 3-வது பிரிவில் எதிர்த் தரப்புக்கும் ஒரு கதவு உண்டு. நியாயமான ஒரு நோக்கத்துக்காக, அதற்குத் தேவையான அளவில் மட்டும் கட்டுப்பாடு போட்டால் அது பாகுபாடு ஆகாது. ஆபரேஷன் தியேட்டர், சமையற்கட்டு போன்ற இடங்களில் அவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். அங்கே மல்லுக்கு நிற்க வேண்டாம்.

விமானத்துக்கு மட்டும் தனியாகத் தெளிவான விதி இருக்கிறது. ரயில், பஸ், ஹோட்டல் ஆகியவற்றுக்கு அந்தந்தத் துறையின் பழைய விதிகள்தான். அவை வீட்டு நாயை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதனால் எங்கள் யோசனை ஒன்றுதான். போகிற இடத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, பதிலை எழுத்தில் வாங்கி, அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்குச் சட்டப் பிரிவைவிட மேலாளரின் கையெழுத்து சீக்கிரம் புரியும்.

நாய் வருவதற்கு முன்பே தம்பிக்கு யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை வாங்கிவிடுங்கள். மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கும். சட்டத்தின் கணக்கில், நல்ல கண்ணில் கண்ணாடி போட்ட பிறகும் 3/60-க்குக் குறைவான பார்வை (மற்றவர்கள் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டரில்கூடப் பார்க்க முடியாத நிலை), அல்லது 10 டிகிரிக்குக் குறைவான பார்வைப் பரப்பு இருந்தால் அது பார்வையின்மை. அதற்கு மேல் 6/18 வரை குறைபார்வை.

பையில் என்னென்ன தாள் வைத்திருக்க வேண்டும்?
– வாசகர், பெருந்துறை

யு.டி.ஐ.டி. அட்டை. நாய்க்குப் பயிற்சி தந்த பள்ளியின் சான்று; அதில் நாயின் படமும், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசிப் புத்தகம். ஊசி போட்டு ஒரு வருடம் தாண்டியிருக்கக் கூடாது, மருந்துப் புட்டியின் லேபிளை ஒட்டிக் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். உங்கள் மாநகராட்சியோ நகராட்சியோ வளர்ப்பு நாய்க்கு உரிமம் கேட்டால் அதுவும்.

இவற்றில் அடிக்கடி கோளாறு ஆவது தடுப்பூசிப் புத்தகம்தான். பூஸ்டர் தேதி பத்து நாள் தள்ளிப்போயிருக்கும். அந்தப் பத்து நாளுக்குள் ஏதாவது தகராறு வந்தால், எதிர்த் தரப்புக்கு வேறு காரணமே தேவைப்படாது. தேதிக்கு ஒரு மாதம் முன்பே போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து தினமும் கோவை போகிறேன். பஸ்ஸில் கண்டக்டர் நாயை ஏற்ற மாட்டேன் என்றால்?
– வாசகர், பொள்ளாச்சி

ஒரே கண்டக்டரோடு தினமும் மல்லுக்கட்டுவதைவிட, டெப்போவில் ஒரு தடவை பேசி முடிப்பது மேல். நீங்கள் ஏறும் தடத்தை ஓட்டும் கிளைக்குப் போய், கிளை மேலாளரிடம் ஒரு மனு கொடுங்கள். எந்தத் தடம், எத்தனை மணி பஸ், எங்கே ஏறி எங்கே இறங்குவீர்கள், நாய் எங்கே படுக்கும் என்று நாலு வரி போதும். மேலே சொன்ன தாள்களின் நகலையும் வையுங்கள். நகல் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். அனுமதி எழுத்தில் வந்தால் நல்லது. வராவிட்டாலும் முத்திரை போட்ட அந்த நகலே உங்களுக்கு ஆயுதம். பிறகு யாராவது இறக்கிவிட்டால், "நிர்வாகத்துக்கு முன்பே தெரியும்" என்று நிரூபிக்க அது போதும்.

2016 சட்டத்தின் 23-வது பிரிவுப்படி ஒவ்வோர் அரசு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகமும் இதில் அடங்கும். மனுவின் நகலை அவருக்கும் அனுப்புங்கள். தனியார் பஸ் என்றால் முதலாளியிடம் நேரில் பேசுவதே வேகமான வழி. நம் பக்கத்துத் தனியார் பஸ்களில் முதலாளி சரி என்றால் கண்டக்டர் மறு பேச்சுப் பேச மாட்டார்.

இனி பஸ்ஸுக்குள். சராசரி லாப்ரடார் 25 முதல் 32 கிலோ இருக்கும். சுருண்டு படுக்க ஒரு மீட்டர் நீளமும் அதில் பாதி அகலமும் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் இருக்கையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, நாயை உங்கள் கால்களுக்கு இடையில் பின்பக்கமாக வாங்கி, வால் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்காமல் மடித்துவிடுங்கள். மிதிபட்ட வால்தான் பஸ்ஸில் வரும் பாதிச் சண்டைக்குக் காரணம். இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம், அங்கே தரை கொதிக்கும். காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை காந்திபுரம், உக்கடம் பக்கம் வரும் டவுன் பஸ்களில் நிற்கவே இடம் இருக்காது. ஒரு பஸ் முன்னே பிடிக்க முடிந்தால் பிடியுங்கள்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் உதவியாளருக்கும் 2021 முதல் டிக்கெட் இல்லை. நாயை உதவியாளர் கணக்கில் எழுதுங்கள் என்று வேடிக்கையாகக்கூடக் கேட்க வேண்டாம். கண்டக்டர் செக்கிங்கில் மாட்டுவார்.

ஈரோட்டிலிருந்து சென்னைக்கு ரயிலில் நாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போக முடியுமா?
– வாசகி, ஈரோடு

ஏ.சி. முதல் வகுப்பில் மட்டும் முடியும். அதிலும் இரண்டு படுக்கை கொண்ட கூப்பேயோ நான்கு படுக்கை கொண்ட கேபினோ முழுவதும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ஏ.சி. இரண்டாம், மூன்றாம் அடுக்கு, சேர் கார், ஸ்லீப்பர், இரண்டாம் வகுப்பு எதிலும் நாய்க்கு இடமில்லை. கார்டு இருக்கும் பெட்டியில் நாய்ப் பெட்டி என்று ஒன்று உண்டு. வழிகாட்டி நாயை அதில் ஏற்றுவது அர்த்தமில்லாத வேலை. ராத்திரி கழிவறைக்குப் போக வழிகாட்ட வேண்டிய நாய் அந்தக் கடைசியில் கிடக்கும், ஆள் இந்தக் கடைசியில் கிடப்பார். பகல்நேர வந்தே பாரத் போல வெறும் சேர் கார் மட்டும் ஓடும் வண்டிகளை மறந்துவிடுங்கள்.

செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. முழுப் பார்வையின்மை உள்ளவருக்கும் உடன் வரும் ஒருவருக்கும் ஏ.சி. முதல் வகுப்பில் 50 சதவீதம் சலுகை உண்டு. இருவருக்கும் ஒரே டிக்கெட்டில் பதிவு செய்தால் கூப்பேயின் இரண்டு படுக்கையும் பாதிக் கட்டணத்தில் கிடைத்துவிடும். ஆன்லைனில் இந்தச் சலுகைக்கு ரயில்வே தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண் வேண்டும். ஈரோடு, கோவை, திருப்பூர், கரூர் எல்லாம் சேலம் கோட்டம், அங்கே விண்ணப்பியுங்கள்.

இதில் இடறும் இடம் எது தெரியுமா? டிக்கெட் பதிவு செய்தால் மட்டும் கூப்பே கிடைத்துவிடாது. சார்ட் போடும்போதுதான் எந்தக் கேபின் என்பது முடிவாகும். இரண்டு படுக்கையையும் நான்கு பேர் கேபினில் போட்டுவிட்டால், உடன் பயணம் செய்பவர் ஒருவர் ஆட்சேபித்தாலும் டி.டி.இ. நாயைக் கார்டு பெட்டிக்கு மாற்றச் சொல்வார். அதனால் பி.என்.ஆர். எண்ணோடு "வழிகாட்டி நாய், கூப்பே ஒதுக்கவும்" என்று கோட்ட வணிகப் பிரிவுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, முந்தைய நாள் நினைவூட்டுங்கள். பயண நாளில் இரண்டு மணி நேரம் முன்னதாக வந்து பார்சல் அலுவலகத்தில் நாய்க்கு ரசீது போட்டுக்கொள்ள வேண்டும். ரசீது இல்லாமல் ஏறினால் பல மடங்கு அபராதம் கட்ட நேரும். நாய் பயணம் செய்யத் தகுதியானது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்று முந்தைய நாள் தேதியில் இருக்கட்டும்.

எங்கள் பனியன் கம்பெனிக்கு அமெரிக்காவிலிருந்து வரும் பையர் பார்வையற்றவர். வழிகாட்டி நாயோடு வருவதாகச் சொல்கிறார். நாங்கள் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?
– வாசகர், திருப்பூர்

முதலில் நாயின் பயணத்தைப் பாருங்கள், ஹோட்டல் அப்புறம். வெளிநாட்டு நாய் இந்தியாவுக்குள் வர விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் தடையில்லாச் சான்று முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். வசிப்பிடம் மாற்றி வருபவர்கள் பேகேஜ் விதியில் இரண்டு செல்லப்பிராணிகள் கொண்டுவரலாம். ஒரு வாரம் ஆர்டர் பேசிவிட்டுத் திரும்புகிறவருக்கு அந்த வழி தானாகப் பொருந்தாது. அதனால் இரண்டு மூன்று மாதம் முன்பே சென்னை நிலையத்துக்கு எழுதச் சொல்லுங்கள். சிங்கப்பூர் வழியாக நேரே கோவையில் இறங்கும்படி டிக்கெட் போட்டுவிட வேண்டாம். சென்னையிலோ பெங்களூரிலோ இறங்கி, நாயின் சோதனை முடித்து, உள்நாட்டு விமானத்திலோ காரிலோ வரட்டும்.

அவர் திரும்பிப் போவதற்கும் இப்போதே ஏற்பாடு வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், வெறிநாய்க்கடி அபாயம் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியாவை வைத்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்த விதிப்படி, இங்கே வந்துவிட்டுத் திரும்பும் நாய்க்கு மைக்ரோசிப்பும், அமெரிக்காவிலேயே ஊசி போட்டதற்கு அந்நாட்டு வேளாண் துறை ஒப்பமிட்ட சான்றும் வேண்டும். அதை அங்கிருந்து கிளம்பும் முன் வாங்க வேண்டும். இங்கே வந்த பிறகு வாங்க வழியில்லை.

உள்நாட்டு விமானத்தில் பிரச்சினை குறைவு. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளில் 3-வது பிரிவு, எம் வரிசை, பகுதி 1 இதற்கென்றே உள்ளது. மாற்றுத்திறனாளியையும் அவரது உதவிக் கருவிகளையும் வழிகாட்டி நாயையும், நாய் கேபினுக்குள் வருவது உட்பட, விமான நிறுவனம் மறுக்கக் கூடாது. தேவையை முன்பே தெரிவித்திருக்க வேண்டும். பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பாவது. அவசர வழி இருக்கை தர மாட்டார்கள். முன்வரிசை ஜன்னல் இருக்கை கேளுங்கள். கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பே நாயின் சாப்பாட்டை நிறுத்திவிடலாம். நாயின் உடலில் மாட்டும் கைப்பிடிப் பட்டையான ஹார்னஸில் உலோகம் இருப்பதால் மெட்டல் டிடெக்டர் வாசலில் சத்தம் வரும். கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்டால் போதும். மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜீஜா கோஷ் வழக்கு இருக்கிறது. பெருமூளை வாதம் உள்ள பயணியை விமானத்திலிருந்து இறக்கிவிட்டதற்கு, 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

ஹோட்டலுக்கு மெயிலில் எழுதி, மெயிலிலேயே பதில் வாங்குங்கள். தரைத்தளத்தில், பின்பக்கம் மண் தரையோ புல்லோ உள்ள இடத்துக்கு அருகில் அறை கேளுங்கள். அவர் தன் நாட்டுச் சட்டத்தைக் காட்டி வாதாடிப் பலனில்லை என்பதை நாசூக்காக முன்பே சொல்லிவிடுங்கள். 1990-ல் வந்த அந்த அமெரிக்கச் சட்டம் அங்கே வலுவானது. கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கலாம், சான்றிதழ் கேட்கக்கூட உரிமை இல்லை. இங்கே நேர் எதிர். தாள் இல்லாமல் ஒன்றும் நகராது.

ஃபேக்டரிக்குள் கட்டிங் மேசை, தையல் வரிசை வரை நாய் வரலாம். டையிங், பாய்லர், ஸ்டீம் அயர்ன் பக்கம் வேண்டாம். சூடான ஈரத் தரையும் கெமிக்கலும் பாதத்தைப் புண்ணாக்கும். தரையில் உடைந்த ஊசி கிடக்கிறதா என்று அன்றைக்குக் காலையில் காந்தம் வைத்து ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

நான் மெஸ் நடத்துகிறேன். நாயோடு ஒருவர் சாப்பிட வந்தார். உள்ளே விட்டால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி லைசென்ஸில் கை வைப்பாரோ என்று பயம்.
– வாசகர், கோவை ஆர்.எஸ். புரம்

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம ஒழுங்குமுறையில் 4-வது அட்டவணை, உணவு நிறுவன வளாகத்துக்குள் விலங்குகள், பறவைகள், செல்லப்பிராணிகள் வரக் கூடாது என்கிறது. வழிகாட்டி நாய்க்கு விலக்கு என்று அதில் எழுதவில்லை. மறுபக்கம், 2016 சட்டம் தனியார் நிறுவனத்தையும் விட்டுவைக்கவில்லை. பிறகு வந்தது, நாடாளுமன்றம் இயற்றியது. அட்டவணையின் நோக்கம் உணவு கெடாமல் காப்பது. சமையல் நடக்கும் இடத்துக்கும் பரிமாறும் மேசைக்கும் தள்ளி நாய் படுத்திருந்தால் அந்த நோக்கம் கெடாது. எங்கள் கருத்தில் உள்ளே விடுவதே சரி, சட்டப்படியும் தற்காத்துக்கொள்ளக் கூடிய முடிவு.

செய்முறை இதுதான். சமையற்கட்டு, ஸ்டோர், கை கழுவும் இடத்துக்கு எதிர்க்கோடியில் சுவரோரக் கடைசி மேசை. நாய் மேசைக்கு அடியில். தடுப்பூசித் தேதியைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்கள் யாரும் நாய்க்கு எதுவும் போடக் கூடாது. ஒரு துண்டுக் கறிக்கு மயங்கிப் பழகிய நாய் அடுத்த தடவை வழியில் கிடக்கும் எலும்புக்கும் இழுக்கும், அதன் ஹார்னஸைப் பிடித்தபடி ஒரு மனிதர் இருக்கிறார். எச்சில் இலையை உடனே எடுத்துவிடுங்கள். பக்கத்து மேசைக்காரர் முகம் சுளித்தால், அவருக்கு வேறு இடம் கொடுங்கள்.

அபார்ட்மென்டில் "நாய்க்குத் தடை" என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். லிஃப்டிலும் ஏறக் கூடாதாம்.
– வாசகி, கோவை சரவணம்பட்டி

செல்லாது. இந்திய விலங்கு நல வாரியம் 2015 பிப்ரவரி 26-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை வாக்கிலும்கூட வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்டை மறுக்க முடியாது என்று இருக்கிறது. இது எல்லா வளர்ப்பு நாய்க்கும். வழிகாட்டி நாய் என்றால் 2016 சட்டமும் சேர்ந்து நிற்கும், ஏனென்றால் அதில் தனியார் நிறுவனம் என்பதன் விளக்கத்தில் சங்கமும் வருகிறது. செயலாளருக்கு இரண்டையும் காட்டி ஒரு கடிதம் கொடுங்கள். கூடவே கழிவை அள்ளுவது, கயிறு இல்லாமல் விடாதது ஆகியவற்றை நீங்களே எழுதிக் கொடுங்கள். நாயைக் கவனக்குறைவாக விட்டு யாருக்காவது ஆபத்து வந்தால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு.

வாடகை வீடு வேறு. ஒப்பந்தம் போட்ட பிறகு உரிமையாளர் மனதை மாற்றுவது கடினம். வீடு பிடிக்கும்போதே நாயைக் கூட்டிப் போய்க் காட்டி, ஒப்பந்தத்தில் "வழிகாட்டி நாய் உடன் இருக்கும்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

மருதமலைக்கும் பழநிக்கும் நாயோடு போகலாமா?
– வாசகர், தாராபுரம்

அடிவாரம் வரை. கோயிலுக்குள் வழிகாட்டி நாயை விட வேண்டும் என்று காட்ட எழுத்தில் ஒன்றும் இல்லை. பைரவர் வாகனம் என்று வாதிட்டு ஜெயித்தவரும் இல்லை. கோயில் அலுவலகத்துக்கு முந்தைய நாளே போன் செய்து, உள்ளே கூட்டிப்போக ஓர் ஊழியரைக் கேளுங்கள். நாயோடு இருக்க உங்கள் ஆள் ஒருவர் வரட்டும். கண்டவரிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் செக்யூரிட்டி, "சுப்ரீம் கோர்ட்டே நாயை விடக் கூடாதுன்னு சொல்லிடுச்சு" என்று திருப்பி அனுப்பினார். உண்மைங்களா?
– வாசகர், நாமக்கல்

அரைகுறையாகக் கேட்டிருக்கிறார். 2025 நவம்பர் 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனம், மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொன்னது. உரிமையாளரின் கையில் ஹார்னஸோடு வேலை பார்க்கும் நாய் அந்த உத்தரவில் இல்லை. வாதாடுவதற்குப் பதில், மக்கள் தொடர்பு அலுவலரையோ கண்காணிப்பாளரையோ கூப்பிடச் சொல்லுங்கள். வெளிநோயாளி பிரிவு, காத்திருக்கும் கூடம், மருந்தகம், டாக்டர் அறை வரை கேட்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆபரேஷன் தியேட்டர், தீக்காய வார்டு, டயாலிசிஸ் வேண்டாம்.

எங்கள் வீட்டில் நல்ல ராஜபாளையம் இருக்கிறது. நாங்களே பழக்கி, ஆன்லைனில் "சர்வீஸ் டாக்" என்று எழுதிய ஜாக்கெட் வாங்கிப் போட்டுவிடலாமா?
– வாசகர், உடுமலை

ஜாக்கெட் ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதைப் போட்டதால் நாய் வழிகாட்டி ஆகிவிடாது. அந்த ஜாக்கெட்டோடு ஒரு நாய் கடைக்குள் குரைத்துவிட்டால், அடுத்து வரும் உண்மையான வழிகாட்டி நாய்க்கு அந்தக் கதவு மூடிவிடும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் வேட்டைக்கு வளர்ந்த இனம். ஓடுவதைப் பார்த்தால் துரத்தும். ஒரு பூனை குறுக்கே போனால் உங்கள் கதி என்ன? வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிட்டுத்தனமும் உண்டு. உலகெங்கும் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகியவற்றையே அதிகம் எடுக்கிறார்கள். குட்டியை ஏழெட்டு வாரத்தில் தேர்ந்தெடுத்து, ஒன்று ஒன்றேகால் வயது வரை ஒரு குடும்பத்தில் விட்டுச் சந்தை, பஸ், கூட்டம், பட்டாசு எல்லாம் பழக்குவார்கள். பிறகு ஆறு மாதத்துக்குக் குறையாமல் பயிற்சி. கடைசியில் உரியவரோடு சேர்த்து மூன்று நான்கு வாரம்.

அதில் கடினமான பாடம் கீழ்ப்படியாமல் இருப்பது. "முன்னே போ" என்று சொன்னாலும் எதிரே கார் வந்தாலோ குழி இருந்தாலோ நாய் நகரக் கூடாது. தலைக்கு மேலே தாழத் தொங்கும் கொம்பு, லாரியின் நீட்டிய கம்பி, கடைப் பந்தல் கயிறு எல்லாவற்றையும் தன் உயரத்துக்கு அல்ல, கூட வருபவரின் உயரத்துக்குக் கணக்குப் போட்டு விலக வேண்டும். சிக்னலின் நிறத்தை நாய் பார்த்துச் சொல்லாது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு முடிவெடுப்பது மனிதரின் வேலை. வழியும் அவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அதனால் வெள்ளைக் கோலோடு தனியாக நடந்து பழகாதவருக்கு நல்ல பள்ளிகள் நாயே தருவதில்லை.

நம் பக்கத்து வெயிலையும் கணக்கில் எடுங்கள். மார்ச் முதல் மே வரை, தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாய் நடக்கக் கூடாது.

ஆட்டோக்காரர் ஏற்ற மறுத்தால்?
– வாசகி, அவிநாசி

மோட்டார் வாகனச் சட்டம் 178-வது பிரிவில் சவாரி மறுப்புக்கு அபராதம் உண்டு. மூன்று சக்கர வண்டிக்கு எவ்வளவு தெரியுமா? 50 ரூபாய் வரை. இதற்காக அலைய வேண்டாம். ஸ்டாண்டில் இரண்டு பேர் போன் நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சீட்டில் விரிக்க ஒரு பழைய போர்வையும். ஆப் டாக்சி என்றால் மறுத்த பயணத்தின் எண்ணோடு ஆப்பிலேயே புகார் பதியுங்கள்.

புகார் எழுதினால் பதிலே வருவதில்லை. எப்படி எழுத வேண்டும்?
– வாசகர், சேலம்

வராததற்குப் பெரும்பாலும் மனுவே காரணம். "நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்" என்று முடித்தால், அதிகாரி அதை அடுத்த மேசைக்குத் தள்ளுவார், அவ்வளவுதான். என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்: "இந்த நிறுவனம் வழிகாட்டி நாயை அனுமதிக்கும்படி ஊழியர்களுக்கு எழுத்தில் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும், அதன் நகலை எனக்குத் தர வேண்டும்." இப்படிக் கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியே ஆக வேண்டும்.

சம்பவத்தை அன்றைக்கே எழுதுங்கள். தேதி, நேரம், வண்டி எண் அல்லது கிளை, மறுத்தவர் பதவி, அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பார்த்தவர் ஒருவர் பெயர். போனில் குரல் பதிவு இருந்தால் அழிக்காதீர்கள். முதல் மனு அந்த நிறுவனத்துக்கே. 15 நாள் பாருங்கள். பிறகு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகை எண் வாங்கி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் நகல் வையுங்கள். 1100-ல் சொன்னாலும் பதிவாகும். அதற்கும் அசையாவிட்டால் சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு ஸ்பீடு போஸ்ட்டில். சாட்சியை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் அவருக்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட அதிகார அமைப்பு மூன்று மாதத்துக்குள் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

காசு கொடுத்து வாங்கிய சேவையில் மறுப்பு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் ஒரு வழி. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை.

ஒரு எச்சரிக்கை. எல்லா மனுவிலும் 2016 சட்டத்தின் 92-வது பிரிவை எழுதிவிடுகிறார்கள். பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தும் நோக்கத்தோடு திட்டினால், மிரட்டினால்தான் அது. ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. "நாய்க்கு அனுமதி இல்லைங்க" என்று மரியாதையாகச் சொன்ன செக்யூரிட்டி மேல் அதைப் போட்டால் மனுவின் மொத்த எடையும் போய்விடும். சட்டத்தை மீறியதற்கான 89-வது பிரிவு போதும்: முதல் தடவை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம்.

எழுத ஆள் இல்லையா? மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐக் கூப்பிடுங்கள்.

தெருநாய்கள் சூழ்ந்துகொண்டால் வழிகாட்டி நாய் என்ன செய்யும்?
– வாசகி, பல்லடம்

நின்றுவிடும், அல்லது சண்டைக்குத் திரும்பும். இரண்டிலும் வேலை கெட்டது. கடிபட்டுப் பயந்த நாய் பிறகு அந்த வேலைக்கே ஆகாமல் போனதும் உண்டு. ஹார்னஸ் கைப்பிடியை விட்டுவிட்டுக் கயிற்றை மட்டும் பிடியுங்கள், அப்போது அது வேலையில் இல்லை என்று நாய்க்குப் புரியும். ஓடாதீர்கள். கையில் ஒரு குடை இருந்தால் தெருநாய்களின் பக்கம் படாரென்று விரியுங்கள், பெரும்பாலும் பின்வாங்கும். கறிக்கடை, குப்பைத் தொட்டி, யாராவது சோறு வைக்கும் முக்கு, இந்த மூன்றையும் கணக்கில் வைத்து வழியை மாற்றுவது அதைவிட மேல். கடி பட்டால், ஊசி போட்ட நாயாக இருந்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டி மறு ஊசி போடுங்கள்.

மனிதர் யாராவது வேண்டுமென்றே நாயை அடித்து முடமாக்கினாலோ விஷம் வைத்தாலோ, பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவில் போலீஸில் புகார் கொடுங்கள். ஐந்து வருடம் வரை தண்டனை உண்டு. கால்நடை மருத்துவரின் காயச் சான்றை புகாரோடு இணைக்க மறக்காதீர்கள்.